கேட்டால்தான் தீட்டு

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, மட்டாஞ்சேரியில் ஒரு வாடகை அறையின் பால்கனியில் நின்றுகொண்டு, ஜெயலக்ஷ்மி தன் போனில் வந்த ஒரு சாவுச் செய்தியை அழித்தாள்.

குடும்ப வாட்ஸப் குழுவில் வந்த செய்தி அது. மாலை போட்ட படம், அதன் கீழே நீளமாக எழுத்து. இரண்டு வரி படித்தாள். மும்பைப் பக்கம் டோம்பிவிலியில் இருந்த சேஷண்ணா திங்கள் இரவு காலமாகிவிட்டார். மேலே படிக்கவில்லை. செய்தியை அழித்தாள், குழுவைச் சத்தம் வராமல் வைத்தாள், பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

வெங்கிட்டு தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். கட்டில் மெத்தை முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முதல்நாளே கீழே இறங்கிவிட்டார். வெளியே மழை. கர்க்கடக மாசத்து, அதாவது ஆடி மாசத்து, மழைக்கு விட்டுவிட்டுப் பெய்யும் பழக்கம் கிடையாது.

சேஷண்ணா வெங்கிட்டுவின் பெரியப்பா மகன். அதாவது தாயாதி. தாயாதி செத்தால் பத்து நாள் தீட்டு. கோவிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியம் எதிலும் தலை காட்டக்கூடாது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. ஊர்சுற்றல் பற்றிச் சாஸ்திரத்தில் தனியாக எழுதியிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தீட்டோடு ஒருவன் ஓட்டல் அறையில் இருந்துகொண்டு கடல் பார்க்கிறான் என்றால் பாலக்காட்டுச் சொந்தங்கள் சும்மா விடாது.

அந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. தீட்டு கேட்டால்தான் தீட்டு. காதில் விழாதவனுக்கு இல்லை. ஜெயலக்ஷ்மி இதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள். கொடைக்கானலுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். கிளம்புகிற அன்று காலை கல்பாத்தியிலிருந்து தந்தி. வெங்கிட்டுவின் தாத்தாவுக்குத் தம்பியாம், யாரும் பார்த்ததில்லை. "தந்தியை நாளைக்குப் பிரிச்சிருக்கக் கூடாதோ?" என்று அவள் அம்மா அன்றைக்கு அடுக்களையில் முணுமுணுத்தாள். அது மனதில் நின்றுவிட்டது. பிறகு கன்யாகுமரி போயிற்று, ஒரு தாயாதியின் மாரடைப்பில். மைசூருக்குப் போக எர்ணாகுளம் ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்கும்போது போன். காசிக்கு எடுத்த டிக்கெட்டையும் இதே காரணத்துக்காகத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினேழு வீட்டுத் தாயாதி அது. எந்த மாசமும் யாராவது போய்க்கொண்டே இருந்தார்கள்.

முப்பத்திநாலு வருஷம் அவள் களமசேரியில் ஒரு ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலும், பிறகு அதற்குப் பக்கத்தில் கட்டிய சின்ன வீட்டிலும் சமைத்துக்கொண்டிருந்தாள். வெங்கிட்டுவுக்கு ஷிஃப்ட் வேலை. காலை ஷிஃப்டுக்கு நாலரை மணிக்கு அடுப்பு, ராத்திரி ஷிஃப்டுக்கு எட்டு மணிக்கு டிபன் பாத்திரம், பகலில் அவர் தூங்கும்போது குக்கர் விசில் அடிக்கக்கூடாது. இந்த வருஷம் அவள் கேட்டது ஒன்றுதான். அடுப்புப் பற்றவைக்காத ஆறு நாள். மூணாறு வேண்டாம், ஊட்டி வேண்டாம். இருபது கிலோமீட்டர் தள்ளி மட்டாஞ்சேரி போதும். ஹைகோர்ட் ஜெட்டி என்கிற துறையில் படகு ஏறி இறங்கினால், காயலைப் பார்த்த ஒரு மாடி அறை. மழைக்காலத்தில் வாடகை பாதி.

இப்போது பால்கனியில் நின்று அவள் கணக்குப் போட்டாள். தீட்டு வருவது புருஷன் வழியாக. அவர் கேட்கவில்லை. அவருக்கு இல்லாதது தனக்கு எப்படி வரும்? தான் படித்தது ஒரு பொருட்டில்லை. தர்க்கம் சரியாக இருந்தது. ஆனால் முன்பு பயணத்தை நிறுத்திய நாலு பேரும் பார்க்காத முகங்கள். சேஷண்ணா அப்படியில்லை.

"ஏன்னா, எழுந்தேளா?"

"ம்."

"ஷேவ் பண்ணிக்கப் போறேளா? வெந்நீர் கேக்கட்டுமா?"

"லீவாக்கும் ஜெயா. பிளேடுக்கும் லீவு."

அவள் சிரித்தாள். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் தவறாமல் ஷேவ் பண்ணுகிற மனுஷன்.

"அப்போ போனுக்கும் லீவு. இங்கே தாங்கோ. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஆரும் விளிக்கண்டா."

வெங்கிட்டுவிடம் இருந்தது பட்டன் வைத்த சின்ன போன். வாட்ஸப் கிடையாது. அதுதான் அவளுடைய அதிர்ஷ்டம். அவர் ஒன்றும் கேட்காமல் போனை எடுத்து நீட்டினார். ஒரு சண்டையை எதிர்பார்த்திருந்தவளுக்குக் கை சும்மா போய் வந்ததுபோல இருந்தது. அணைத்து, பையில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

வீடு விஸ்வநாத்துடையது. கல்யாணச் சமையல்காரர். எர்ணாகுளத்திலிருந்து திருச்சூர் வரை இருநூறு இலை, ஐநூறு இலை என்று போடுகிறவர். கர்க்கடகத்தில் கல்யாணம் கிடையாது. பெரிய உருளிகளும் வார்ப்புப் பாத்திரங்களும் மாடிப்படிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தன. அந்த ஒரு மாசம் மாடியை வாடகைக்கு விடுவார்கள். விருந்தாளிகளுக்குச் சாப்பாடும் உண்டு. ஆனால் விஸ்வநாத்துக்கு இரண்டு பேருக்குச் சமைக்கக் கை வராது. முதல்நாள் மொளகூட்டல் என்கிற கூட்டே ஒரு பெரிய குத்துப்போணி நிறைய வந்தது.

"இதென்ன விஸ்வநாத், ஊருக்கேவா?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"மாமி, கொறச்சு வச்சா கை விறைக்கறது. நீங்க ஊண் கழிச்சுட்டு மிச்சம் வையுங்கோ. இவ தின்னுடுவா." மனைவியைக் காட்டினார்.

"ஆமா, முப்பத்தொண்ணு வருஷமா மிச்சத்துலதான் ஜீவிக்கறேன்" என்றாள் திரிபுரசுந்தரி. "கல்யாண வீட்டு எரிசேரி, சீமந்த வீட்டு ஓலன். எங்காத்துல சாதம் மட்டுந்தான் புதுசு."

செவ்வாய்க்கிழமை வந்திறங்கியதும் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெயலக்ஷ்மி மாடிக்குப் போய் ஈரப்புடவை மாற்றினாள். வெங்கிட்டு டூத் பேஸ்ட் வாங்க பஜார் ரோட்டுக்குப் போனார். அரை மணி கழித்து, சட்டை வேஷ்டியோடு தலை முதல் கால்வரை தண்ணீர் ஒழுக வந்து நின்றார். கையில் குடை. மடக்கியபடி.

"மாமா, குடையும் கொண்டா குளிக்கப் போனேள்?" என்றார் விஸ்வநாத்.

"ஜெட்டிப் படியில வழுக்கிடுத்து. பாசி."

"நீந்தத் தெரியுமோ?"

"பாலக்காட்டாளுக்குக் குளம் தெரியும். காயல் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். பேஸ்ட் வாங்கி வரவில்லை. அதைக் கேட்க ஜெயலக்ஷ்மி மறந்துபோனாள்.

புதனும் வியாழனும் நல்ல நாட்கள். அதை இல்லையென்று சொல்வதற்கில்லை. செய்தியை அழித்த பிறகுதான் அவளுக்கு உண்மையில் லீவு தொடங்கியது போல இருந்தது. சுக்கு மண்டிகள் வழியாக நடந்தார்கள். பழைய கிடங்குகளின் ஈரச்சுவரில் இஞ்சி வாசனை ஊறிக் கிடந்தது. மழையில் வேலை நின்ற சுமைக்காரர்கள் மூட்டைகளின் மேல் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டிக்கடையில் சாயாவும் பழம்பொரியும். இன்னொரு கடையில் கப்பைப் புழுக்கும், அதாவது வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும், சம்மந்திச் சட்னியும். வெங்கிட்டு தனக்கு வேண்டாமென்று சொல்லி, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறையில் ஒன்றும் உலரவில்லை. உப்பு கரைந்து ஜாடியில் தண்ணீராக நின்றது. அப்பளம் பொரித்த ஐந்து நிமிஷத்தில் துணி மாதிரி தொங்கியது. இதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுடைய உப்பு இல்லை, அவளுடைய அப்பளம் இல்லை.

"சாப்பாடு மேலேயே கொண்டுவரச் சொல்லு ஜெயா" என்றார் வெங்கிட்டு. "கீழே அவாளோட உக்காரண்டா. மழை பாத்துண்டு நாம ரெண்டு பேரும் தனியா சாப்பிடலாம்."

அவள் காது சிவந்தது. ஐம்பத்தாறு வயதில்.

வியாழக்கிழமை சாயங்காலம் விஸ்வநாத் கோவிலுக்குக் கூப்பிட்டார். பக்கத்தில்தான், தீபாராதனை பார்க்கலாம் என்றார். ஜெயலக்ஷ்மி வாயைத் திறப்பதற்குள் வெங்கிட்டு, "உலர்ந்த வேஷ்டி ஒண்ணுதான் பாக்கி. அதுவும் நனஞ்சா ஞாயித்துக்கிழமை பேன்ட்ஸ் போட்டுண்டு ஆத்துக்குப் போகணும்" என்றார். தப்பித்தோம் என்று நினைத்தாள். எத்தனை சுலபமாக நடக்கிறது என்றும் நினைத்தாள்.

அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில் காயலில் ஒரு படகு விளக்கோடு போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே வெங்கிட்டு சொன்னார்:

"சேஷண்ணா மே மாசத்துல விளிச்சிருந்தார் இல்லையோ?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆமா. என்ன இப்போ?"

"ஒண்ணுமில்லை. ஒரு தடவை வந்துட்டுப் போடான்னார். மழை கழியட்டும்னு சொன்னேன்."

"நான்தானே அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"நான்தானே சொன்னேன்" என்றார் அவர்.

மே மாதம் நடந்தது இவ்வளவுதான். கையிலிருந்த பணத்துக்கும் அவருடைய முட்டிக்கும் ஒரு பயணம்தான் முடியும். டோம்பிவிலியா, மட்டாஞ்சேரியா? "அங்கே போனா மருந்து வாசனையும் கட்டிலும்தான். இந்த ஒரு தடவை நமக்கு வேண்டிப் போலாம்" என்று ஜெயலக்ஷ்மி சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே கதவு தட்டப்பட்டது. திரிபுரசுந்தரி நின்றிருந்தாள். தலைக்குக் குளித்து, ஒன்பது கஜம் கட்டி, கையில் ஒரு கிண்ணம் எண்ணெயும் மஞ்சளும்.

"மாமி, ரக்ஷிக்கணும். இன்னிக்கு ஆத்துல சுமங்கலிப் பிரார்த்தனை."

வீட்டில் சுமங்கலியாகப் போய்ச்சேர்ந்த பெண்களை நினைத்து, உயிரோடிருக்கும் சுமங்கலிகளை மணையில் உட்காரவைத்துக் காலைக் கழுவிச் சாப்பாடு போடும் சடங்கு அது. ஒற்றைப்படையில் உட்கார வேண்டும். ஐந்து பேரை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். நாலு பேர் வந்துவிடுவார்கள். ஐந்தாவது மாமி திருப்பூணித்துறையிலிருந்து வரவேண்டும்.

"இப்போதான் விளிச்சா. வைட்டிலாவுல முட்டளவு வெள்ளமாம். பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை. கடைசி வெள்ளியாக்கும் இது. அடுத்த வாரம் சிங்க மாசம் பொறந்துடும். இவருக்குக் கல்யாண வேலை தொடங்கிடும், பின்னே இந்த ஆத்துல ஒரு காரியமும் நடக்காது. எங்க பொண்ணு சுபாஷிணிக்கு அஞ்சாம் மாசம். சீமந்தத்துக்கு முன்னாடி நடத்தியே ஆகணும். நீங்க மாடியில இருக்கறதே அம்பாள் கொண்டுவந்து விட்டதுதான்."

ஜெயலக்ஷ்மி கிண்ணத்தைப் பார்த்தாள். எண்ணெயில் ஒரு மழைத்துளி விழுந்து உருண்டையாக நின்றது.

உள்ளேயிருந்து வெங்கிட்டுவின் குரல் வந்தது. "அவளுக்கு முட்டி வலியாச்சே. மணையில உக்கார முடியாதே."

"நாற்காலி போடறேன் மாமா. பாட்டிமார் ஆரும் கோவிச்சுக்கமாட்டா."

"ஒன்பது கஜம் கொண்டுவரலையே."

"எங்கிட்ட இருக்கு."

ஜெயலக்ஷ்மி திரும்பிப் பார்த்தபோது அவர் பாயில் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய முட்டியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வரி. எங்களுக்குத் தீட்டு. ஆனால் சொன்னால் பின்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார், காதில் விழும். சொல்லாமல் விட்டால் கீழே ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண். எண்ணெயைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

குளித்துவிட்டுக் கீழே போனபோது விஸ்வநாத் வாசல் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னை அடுக்களையில ஏத்தமாட்டேங்கறா மாமி. ஐநூறு பேருக்குப் பாயசம் கிண்டின கையாக்கும். இங்கே உக்காந்து மழையை எண்ணிண்டிருக்கேன்."

"ஆம்பிளைக்கு இன்னிக்கு இங்கே வேலையில்லை!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "வாழையிலை கழுவத் தெரிஞ்சா கழுவுங்கோ!"

அடுக்களையில் திரிபுரசுந்தரி தனியாக இருந்தாள். நாலு அடுப்பும் எரிந்தன. வேர்வையும் புகையுமாக, பச்சடிக்குத் தேங்காயும் கடுகும் மிக்ஸியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயலக்ஷ்மி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லலாம். இவர் மாடியில் இருக்கிறார்.

"திரிபுரம்."

"சொல்லுங்கோ மாமி. சொல்லிண்டே இருங்கோ, கை வேலையா இருக்கு."

"உங்கிட்ட ஒண்ணு பறயணும்."

"ரெண்டு வருஷமா இந்தக் குட்டி படற பாடு பாத்தேளா? ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. ஒண்ணு மூணாம் மாசம், ஒண்ணு நாலரை. இந்தத் தடவை நான் ஒண்ணும் பாக்கி வைக்கலை. வைக்கம் போனேன், சோட்டாணிக்கரை போனேன். பிரார்த்தனை மட்டுந்தான் பாக்கி." திரிபுரசுந்தரி மிக்ஸியின் மூடியை அழுத்தி விசையைத் திருப்பினாள்.

இரைச்சல் சமையலறையை நிறைத்தது. அந்த இரைச்சலுக்குள் ஜெயலக்ஷ்மி சொன்னாள். சாதாரணக் குரலில், தெளிவாக, முழுதாகச் சொன்னாள். "இவருக்குப் பெரியப்பா பிள்ளை திங்கக்கிழமை செத்துப்போனார். எங்களுக்குத் தீட்டு. நான் மணையில உக்காரப்படாது."

திரிபுரசுந்தரியின் முதுகு அசையவில்லை. மிக்ஸி நின்றது.

"என்னமோ பறஞ்சேளே?"

ஜெயலக்ஷ்மி அவள் கண்ணைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. வேர்வைதான் தெரிந்தது.

"ஒண்ணுமில்லை. கடுகு வாசனை நன்னா இருக்குன்னேன்."

"ஸாரமில்லை, அதெல்லாம் பரவாயில்லை. போய் உக்காருங்கோ மாமி. இலை போடணும்."

உட்கார்ந்தாள். சொன்னது சொன்னதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மிக்ஸி ஓடும் என்று தெரிந்துதான் அந்த நேரத்துக்குக் காத்திருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சுபாஷிணி வந்து காலைக் கழுவினாள். இருபத்தொன்பது வயது. காக்கநாட்டில் ஆபீஸ். குனிய முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மற்றக் கையால் மஞ்சள் தண்ணீர் விட்டாள். விரல் இடுக்கெல்லாம் பார்த்துத் துடைத்தாள். ஜெயலக்ஷ்மி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"கூச்சமா மாமி?" என்று சிரித்தாள் சுபாஷிணி.

நல்ல சாப்பாடு. எரிசேரி, ஓலன், பச்சடி, வடை, சக்கப் பிரதமன் பாயசம். ஜெயலக்ஷ்மி எல்லாவற்றையும் சாப்பிட்டாள். சுமங்கலி இலையில் மிச்சம் வைக்கக்கூடாது. கடைசியில் பானகமும் சுக்குவெல்லமும். பிறகு புடவை. அம்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத்தான் அந்தப் புடவை. அது வராத மாமியின் இடம். அந்த இடத்தில்தான் அவளுடைய நாற்காலியைப் போட்டிருந்தார்கள். அரக்குப் புடவை, பச்சைக் கரை. சுபாஷிணி நமஸ்காரம் பண்ணினாள். ஜெயலக்ஷ்மி மஞ்சள் அரிசியை அவள் தலையில் போட்டாள். என்ன சொல்லி ஆசீர்வாதம் பண்ணுவது என்று வாய்க்கு வரவில்லை. "நன்னா இரு" என்றாள். தன் காதுக்கே அது ஒரு பொய்யைப் போலக் கேட்டது.

மாடிக்கு வந்தபோது மணி மூன்று. புடவையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் நுனியில் உட்கார்ந்தாள். வெங்கிட்டு பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், தூங்கவில்லை. மேலே கொண்டுவந்து கொடுத்த சாப்பாட்டை முடித்து, தட்டைத் தானே கழுவி, மற்றப் பாத்திரங்களோடு சேராமல் பால்கனி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தார். அவள் அந்தத் தட்டைப் பார்த்தாள். அது அங்கே ஏன் இருக்கிறது?

பிறகு பாயைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். நாலு நாள் தாடி, வெள்ளையாக. மேலே கொண்டுவரச் சொன்ன சாப்பாடு. வெளியே தொடாத கப்பை. போகாத கோவில். மடக்கிய குடையோடு காயலில் முங்கி, உடுத்த துணியோடு நனைந்து வந்த மனுஷன். சாவு கேட்டவன் அப்படித்தான் குளிப்பான்.

"எப்போ கேட்டேள்?" என்றாள்.

அவர் எதை என்று கேட்கவில்லை. "செவ்வாக்கிழமை. பேஸ்ட் வாங்கப் படி இறங்கறப்போ போன் வந்தது."

அவர் தாடியைத் தடவினார்.

"நீ?"

"புதன். குரூப்புல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவளுடைய ஒன்பது கஜத்தையும் மடியிலிருந்த புடவையையும் பார்த்தார்.

"தெரிஞ்சுண்டா போய் உக்காந்தே?"

"நீங்க தெரிஞ்சுண்டுதானே விட்டேள்?"

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். கேக்காதவளுக்கு ஒண்ணுமில்லை, ஞான் மட்டும் ஒதுங்கி இருந்துக்கலாம்னு..." அவருக்குப் பதற்றம் வந்தால் மலையாளம் வரும். "உனக்கு இந்த ஆறு நாள் கெடைக்கட்டும்னுதான்டீ."

"நானும் அதையேதான் நெனச்சேன். நீங்க கேக்கலை, அதனால ஒண்ணுமில்லைன்னு. அதை வச்சுண்டுதான் உக்காந்தேன்." புடவையை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "நீங்க செவ்வாக்கிழமையே கேட்டாச்சு. எனக்கும் அப்போலேருந்தே தீட்டு உண்டு. நான் அழிச்சதெல்லாம் வெறுதே."

"அந்தக் குட்டிக்கு ஏதானும்..."

"வாயை மூடுங்கோ."

கதவு தட்டப்பட்டது. சுபாஷிணிதான். இரண்டு டம்ளர் பிரதமன். "மாமாவுக்குத் தனியா எடுத்து வச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கோ, நமஸ்காரம் பண்ணிக்கறேன்." டம்ளரை வைத்துவிட்டு ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனியத் தொடங்கினாள்.

"வேண்டாம்!" என்றார் வெங்கிட்டு. சத்தம் அதிகமாகிவிட்டது. சுவர் வரைக்கும் பின்னால் போய் நின்றார்.

அந்தப் பெண் பாதிக் குனிவில் நின்று இருவரையும் பார்த்தாள். ஜெயலக்ஷ்மி எழுந்தாள். மிக்ஸி எதுவும் ஓடவில்லை. மழை மட்டும்தான், அதற்கு மேல் பேசமுடியும்.

"சுபாஷிணி, எங்களுக்குத் தீட்டு. திங்கக்கிழமை இவரோட அண்ணா போயிட்டார். எனக்குத் தெரியும். தெரிஞ்சுண்டுதான் வந்து உக்காந்தேன். லீவு கெட்டுப்போயிடும்னு ஆரண்டையும் சொல்லலை. இந்தப் புடவை எனக்கு வேண்டாம். வாங்கிக்கோ."

சுபாஷிணி நிமிர்ந்தாள். வயிற்றின் மேல் ஒரு கை போயிற்று. அது தானாகப் போன கை. புடவையை அவள் வாங்கவில்லை.

"கொடுத்ததைத் திரும்ப வாங்கப்படாது மாமி. அம்மா சம்மதிக்கமாட்டா." கட்டிலில் உட்கார்ந்தாள். கோபம் வருகிறதா என்று தனக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பிறகு சொன்னாள்: "சொல்லியிருக்கணும். எனக்குத் தேஷ்யம் இல்லைன்னு பறய மாட்டேன். காலைக் கழுவினேன் இல்லையா உங்களுக்கு."

"ஆமா."

"ஆனா, இதுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் எல்லாம் சுத்தமாத்தான் பண்ணினா அம்மா. ஒரு குறையும் இல்லை. என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமே." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். சொன்னா பிரசவம் வரைக்கும் தூங்கமாட்டா."

மிக்ஸி இரைச்சலில் சொல்லியாயிற்று என்று ஜெயலக்ஷ்மி சொல்லவில்லை. அது சொன்னதாகாது.

"அந்த மாமா பேரென்ன?" என்றாள் சுபாஷிணி.

நாலு நாளில் யாரும் கேட்காத கேள்வி. வெங்கிட்டு சுவரை விட்டு முன்னால் வந்தார்.

"சேஷாத்ரிநாதன். சேஷண்ணான்னு விளிப்போம். களமசேரியில எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஒரே ரூம்ல ரெண்டு வருஷம் இருந்தோம். எனக்கு ராத்திரி ஷிஃப்ட், அவருக்குக் காலம்பற. நான் ஆறரைக்கு உள்ளே வருவேன், அவர் வெளியே போவார். வாசல்லதான் பாத்துப்போம். உப்புமா பண்ணி மூடி வச்சுட்டுப் போவார். தினமும். ஆறிடப்படாதுன்னு மேலே ஒரு துண்டைப் போத்தி வச்சிருப்பார்." நிறுத்தினார். "உப்புமா நன்னாவே இருக்காது. உப்பு ஜாஸ்தி."

"எப்படிப் போனார்? ஆஸ்பத்திரியிலயா?"

வெங்கிட்டு ஜெயலக்ஷ்மியைப் பார்த்தார். ஜெயலக்ஷ்மி அவரைப் பார்த்தாள்.

"போன்ல அவர் பையன் சொல்ல வந்தான்" என்றார். "ஜெயா கீழே வந்துடுவாளோன்னு, இங்கே கேக்கலைடா, பின்னே விளிக்கறேன்னு வச்சுட்டேன்."

"நான் ரெண்டு வரிதான் படிச்சேன்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

சுபாஷிணி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படி இறங்கிப் போனாள். கீழே விஸ்வநாத் ஏதோ கேட்பதும் அவள் பதில் சொல்வதும் கேட்டது. என்ன என்று தெரியவில்லை.

ஜெயலக்ஷ்மி பையைத் திறந்து புடவைகளுக்கு அடியிலிருந்து சின்ன போனை எடுத்தாள். ஈரத்தில் வியர்த்திருந்தது. முந்தானையால் துடைத்து, உயிர் கொடுத்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு டோம்பிவிலி நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார். காதில் வைக்கப் போனார்.

"காதுல வைக்கண்டா" என்றாள் அவள், அவர் பக்கத்தில் தரையில் பாயில் உட்கார்ந்து. "ஸ்பீக்கர்ல போடுங்கோ. நானும் கேக்கணும்."